பன்னிரண்டு பாட்டில் கடல்

அருள்குமாரைத் தண்ணீர் ஏமாற்றியதே இல்லை. திருப்பூர் அருள்புரத்துச் சாயப்பட்டறை ஒன்றின் லேபில் பதினோரு வருஷமாகத் தண்ணீர் சோதிக்கிறவன். ஒரு டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் போதும், அது எந்தப் போர்வெல், எத்தனை அடி, மோட்டார் போட்டவர் காலையில் தின்றது இட்லியா தோசையா என்பதுவரை சொல்லிவிடுவான் என்று பட்டறையில் பேச்சு. இட்லி தோசை மட்டும் கொஞ்சம் கூடுதல், மற்றதெல்லாம் சத்தியம்.

அப்படிப்பட்டவனுக்கு வாய்த்தவள் கடல்காரி. கணியூர்த் தோட்டத்தில் பிறந்து, வாய்க்காலைத் தவிர வேறு தண்ணீர் பார்க்காமல் வளர்ந்த அன்புசெல்வி, வேதியியல் படித்து, தூத்துக்குடிப் பக்கம் பவளப்பாறை ஆராய்ச்சியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை பஸ் ஏறி வருவாள். கல்யாணமான இந்த ஒன்றரை வருஷத்தில் அவர்கள் சேர்ந்து சாப்பிட்டதைவிட, போனில் "சாப்டாச்சுங்களா" என்று கேட்டுக்கொண்டதுதான் அதிகம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஐஸ் பெட்டியோடு வந்து இறங்கினாள். உள்ளே பன்னிரண்டு கண்ணாடி பாட்டில் கடல்.

"ஒரே பாறைக்கு மேல ஒரு நாள் பூரா படகை நிறுத்தி, நாலு மணி நேரத்துக்கொருக்கா ரெண்டு ரெண்டா எடுத்ததுங்க. நாளைக்குக் கோயமுத்தூர் காலேஜ் மெஷின்ல குடுக்கோணும். இனி மழை முடியற வரைக்கும் படகு போகாது. இது போச்சுன்னா இந்த வருசமே போச்சு" என்றவள், தலையணையைக் கண்டதும் தூங்கிப்போனாள்.

பாட்டில்களை ஃப்ரிட்ஜில் அடுக்கும்போதுதான் அருள்குமார் கவனித்தான். ஒவ்வொன்றும் வாய்விளிம்புவரை நிரம்பியிருந்தது; மூடியைச் சுற்றிக் கிரீஸ் வேறு. பட்டறையில் இப்படி ஒரு பாட்டில் வந்தால் கொண்டுவந்தவனைத் திட்டித் திருப்பி அனுப்புவார்கள். இரண்டு விரற்கடை இடம் விட வேண்டும், குலுக்க வேண்டும், பிறகுதான் சோதனை. பாவம், படகு ஆட்டத்தில் புள்ள மறந்திருக்கும் என்று நினைத்தான்.

ஒவ்வொரு பாட்டிலாகத் திறந்தான். இரண்டு விரற்கடை கொட்டினான். கிரீஸைத் துடைத்தான். மூடினான். மாரியம்மன் கோயில் உடுக்கைக்காரர் வெட்கப்படும்படி குலுக்கினான். பதினொன்று முடிந்தது. பன்னிரண்டாவது மூடி மட்டும் அசைய மறுத்தது. அதோடு அவன் மல்லுக்கு நின்றபோது பின்னால் குரல் கேட்டது.

"ஏனுங்க, என்ன பண்றீங்க?"

"உனக்குத்தான் கண்ணு. எல்லாத்துலயும் எடம் உட்டுக் குலுக்கி வெச்சுட்டேன். இது ஒண்ணுதான் அடம் புடிக்குது."

அன்புசெல்வி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். திட்டியிருந்தால் தேவலை. அவள் மெதுவாகப் பேசினாள்.

"காத்து படக்கூடாதுன்னுதாங்க வாய்வரைக்கும் ரொப்புனது. காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைடு கடல்ல கரைஞ்சு அதைக் கொஞ்சங்கொஞ்சமாப் புளிக்க வெக்குது. பவளத்துக்கு ஊடு கட்டக் கார்பனேட்டு வேணும். நிட்டிங் மெஷினுக்கு நூல் மாதிரி. கடல் புளிக்கப் புளிக்க நூல் கொறையும். எவ்வளவு கொறஞ்சுதுன்னு பாக்கத்தான் இந்தத் தண்ணி. இப்ப இதுக்குள்ள திருப்பூர்க் காத்தல்லங்க இருக்குது?"

அருள்குமார் பாட்டில்களையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் வெயிலில் கறுத்தது, படகில் வாந்தி எடுத்தது, எல்லாவற்றையும் தன் கையாலேயே ஸிங்க்கில் கொட்டியாயிற்று. மன்னிப்புக் கேட்க வாய் திறந்தவனுக்குப் பட்டறை வாளி ஒன்று ஞாபகம் வந்தது.

"செல்வி, போர்வெல் தண்ணிய ராத்திரி வாளில புடிச்சு வெச்சா, காலைல பி.எச். ஏறிப்போயிருக்கும். கேஸ் வெளிய போயிருதல்ல. ஆனா அல்கலினிட்டி பாத்தா ப்யூரெட் குழாய்ல அதே அளவுதான் வரும். நான் பாக்காததா? பதினோரு வருசமா அதே அளவுதான்."

அவள் நிமிர்ந்தாள். "ஆமாங்க. காரத்தன்மை மாறாது. கேஸ் வந்தாலும் போனாலும் அது மாறாதுங்க." எழுந்து பையைத் துழாவி நோட்டை எடுத்தாள். "பி.எச். படகுலயே பாத்து எழுதிட்டேன். காரத்தன்மையும் இருந்தா கார்பனேட்டு எவ்வளவுன்னு கணக்குப் போட்டுக்கலாம். ஆனா நீங்க குலுக்குனதுலயும் அது மாறாம நிக்குதான்னு தெரியோணுமே."

"பன்னண்டாவது இருக்குதல்ல? அதோட ஜோடிய நான் கெடுத்து வெச்சிருக்கறேன். ரெண்டையும் பாத்துருவோம்."

பட்டறை வாசலில் காவல்காரர் சுப்பண்ணன் சாவியைக் கொடுத்தபடி சிரித்தார். "ஊரு உலகத்துல பொண்டாட்டிய சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போவாங்க. நீ லேபுக்குக் கூட்டிட்டு வர்றயே தம்பி!"

அருள்குமார் லேபைத் திறந்தான். பன்னிரண்டாவது மூடியை இந்தமுறை அன்புசெல்வியே ஒரு திருகில் திறந்தாள். அவன் அளந்து ஊற்றி, நிறம் காட்டும் துளி ஒன்றை விட்டதும் தண்ணீர் மஞ்சளானது. ப்யூரெட்டிலிருந்து அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டான். மஞ்சள் நிறம் மெல்லச் சிவந்த நொடியில் குழாயை நிறுத்தினான். அளவை அவள் குறித்துக்கொண்டாள், அவனுக்குக் காட்டாமல். அடுத்து, அவன் குலுக்கிய பாட்டில். எத்தனையோ டன் துணிக்குத் தண்ணீர் பார்த்தவன் இந்தமுறை ஒவ்வொரு சொட்டையும் எண்ணி விட்டான். மறுபடி சிவந்தது, நிறுத்தினான்.

அன்புசெல்வி குனிந்து பார்த்தாள். ஒரு மயிரிழைகூட வித்தியாசமில்லை.

அப்போதுதான் அவள் அழுதாள். அழுதுகொண்டே நோட்டில் எழுதினாள்: பதினொரு பாட்டில்கள் வீட்டில் திறக்கப்பட்டன, திறந்தவர் அருள்குமார்.

"பேரு போடோணுமா?"

"நடந்ததை நடந்தபடி எழுதோணுமுங்க." அடுத்த வரியையும் எழுதினாள்: காரத்தன்மை மாறவில்லை, சோதித்தவரும் அவரே.

மறுநாள் லீவு போட்டுவிட்டு அவனும் கோயமுத்தூருக்குக் கிளம்பினான். பஸ்ஸில் ஐஸ் பெட்டி அவன் மடியில், மூடிமேல் அவன் இரண்டு கைகள். அவற்றின் மேல் அன்புசெல்வி தன் கையை வைத்துக்கொண்டாள்.

"நம்பிக்கை இல்லியாக்கும்?"

"இல்லீங்க" என்றவள், கோயமுத்தூர் வரும்வரை கையை எடுக்கவே இல்லை.