சத்தமில்லாத விண்கப்பல்

தங்கச்சி வெள்ளவத்தையில் வாங்கிவந்த டிவிடியைப் போட்டாள். திரையில், அட்டையால் செய்து வெள்ளி நிறம் பூசிய அதே விண்கப்பல். சிறுவயதில் வாரம் தவறாமல் பார்த்த தொடர்நாடகம், இத்தனை வருடம் கழித்து வெளிவந்திருக்கிறது. அதில் ஒரு வசனம்கூட நாங்கள் கேட்டதில்லை.

கொட்டாஞ்சேனை வீட்டில் அது ஓடும் நேரம்தான் செபமாலை நேரம். அப்பா டிவியின் சத்தத்தை மட்டும் நிறுத்துவார். செபத்தை நடத்துபவரும் அவர்தான்; ஆனால் கண் திரையில் இருக்கும். விரல் ஒரே மணியில் நின்றுவிடும். பத்துத் தரம் சொல்லவேண்டிய மன்றாட்டு நீண்டுகொண்டே போகும்.

"அப்பா, இது பதினோராவது" என்பாள் தங்கச்சி.

"கதைக்காமச் செபி பிள்ளை!"

முழங்கால் எரிய எரிய நின்று பார்த்த நான், விண்கப்பலில் இருப்பவர்கள் பூமியைக் காப்பாற்றுகிறார்கள் என்று நம்பியிருந்தேன். இன்று சத்தத்தோடு பார்த்தால், விண்கப்பலின் சாவிக்கொத்து யாரிடம் இருப்பது என்று மாமியாரும் மருமகளும் சண்டை! அடுத்த பாகத்திலும் அதே சாவிக்கொத்து.

"இந்த விசர்க் கூத்துக்கா நாங்க முழங்கால் தேய நிண்டது? சத்தத்த நிப்பாட்டு!" என்றேன்.

நிறுத்தினாள். மருமகள் கதவைத் திறந்து விண்வெளியில் குதித்தாள். அவளைக் கட்டியிருந்த கயிறு தெரிந்தது. ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. என் வாய் தன்பாட்டில் செபத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

"அண்ணா," என்றாள் தங்கச்சி, "இது பதினோராவது."