குல்லாய் நூலைத் தூக்கிய காற்று

என் மகள் லில்லிக்கு அப்போது மூன்று வயது. தொண்டை அடைத்துப்போய், மூச்சு உள்ளே போகும்போது ஒரு சத்தம், வெளியே வரும்போது ஒரு சத்தம். உதடு நீலம் பாரித்துவிட்டது. கோடைக்கானல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தால் பிள்ளை பிழைப்பாள். ஆனால் போகிற ரோடு மண்சரிவில் மூடிக் கிடந்தது. அப்படிப்பட்ட நாளில் கர்த்தர் எங்களுக்கு என்ன செய்தார் என்பதைத்தான், அவருடைய பிள்ளைகளாகிய உங்களுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். பெரிய படிப்பு படித்தவன் இல்லை நான். நடந்ததை நடந்தபடி சொல்வேன்.

ஐம்பதுகள் முடிகிற நேரம், நவம்பர் மாதம். என் மனைவி எஸ்தரின் தாய்வீடு பூம்பாறை. லீவு போட்டுவிட்டுக் குடும்பத்தோடு அங்கே போயிருந்தேன். எனக்கு வேலை கீழே சமவெளியில், ஒரு பல்கலைக்கழகத்தின் காற்றுச்சுரங்க ஆய்வுக்கூடத்தில். டெக்னிக்கல் அசிஸ்டண்ட் என்பது என் பதவி. சுரங்கம் என்றதும் தங்கம் தோண்டுகிறோம் என்று நினைத்துவிடாதீர்கள். ஆள் நடமாடுகிற அளவுக்குப் பெரிய மரக்குழாய். ஒரு முனையில் ராட்சத விசிறி. நடுவில் கட்டடம், பாலம், விமானம் என்று எதையாவது சிறிதாகச் செய்து வைத்து, விசிறியை ஓடவிட்டுக் காற்று அதன்மேல் எப்படிப் போகிறது என்று பார்ப்பார்கள்.

எஸ்தரின் தம்பி தாவீது இதைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "காத்தடிக்க விடுறதுக்குச் சம்பளமா மச்சான்? எங்க பூண்டுக் காட்டுல வந்து நில்லுங்க, சும்மாவே அடிக்கும்" என்றான்.

காற்று கண்ணுக்குத் தெரியாது அல்லவா? அதனால் மாதிரியின்மேல் துண்டு துண்டாகக் கம்பளி நூலை ஒட்டுவோம். அது என் வேலை. காற்று சீராகப் போனால் நூல் படிந்து கிடக்கும். குழம்பினால் துடிக்கும். எதிரே சுவர் இருந்தால் காற்று அதில் மோதி மேலே ஏறும். கூரை விளிம்பில் ஒட்டிய நூல் குத்திட்டு நிற்கும். வருஷக்கணக்கில் பார்த்துப் பார்த்து, நூலைக் கண்டால் காற்றின் போக்கைச் சொல்கிற அளவுக்கு அது என் கண்ணில் ஊறிவிட்டது.

லில்லிக்கு முதலில் சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நினைத்தோம். கஷாயம் கொடுத்தோம். மறுநாள் வெள்ளனே பார்த்தால் பிள்ளையின் தொண்டைக்குள் வெள்ளையாக ஒரு படலம். எச்சில் விழுங்க முடியவில்லை. அழக்கூடச் சத்தம் வரவில்லை. அழுகிற பிள்ளையின் சத்தம் கேட்காமல் வாய் மட்டும் கோணுவதைப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

பஸ் வரவில்லை. ரோட்டில் மண் சரிந்துவிட்டது, சரிவுக்கு அந்தப் பக்கம் முட்டைக்கோசு ஏற்ற வந்த லாரிகள் நிற்கின்றன என்று செய்தி வந்தது. தாவீது சொன்னான்: "மேலால ஏறிப் புல்லு மேட்டத் தாண்டி அந்தப் பக்கம் எறங்கிருவோம் மச்சான். லாரியப் பிடிச்சா வெரசா கோடைக்குப் போயிரலாம். எனக்குப் பாதை தெரியும்." பிள்ளைக்குக் கம்பளிக் குல்லாயைப் போட்டு, போர்வையில் சுற்றி நான் தூக்கிக்கொண்டேன். எஸ்தரும் வந்தாள். வேண்டாம் என்று சொன்னால் கேட்கிற ஆளா அவள்?

மேட்டின் உச்சிக்கு ஏறியதும் மூடுபனி இறங்கிவிட்டது. அந்த மலையில் மூடுபனி இறங்கினால் நீட்டிய கை தெரியாது. தாவீது பாதையைத் தவறவிட்டான். பிறந்ததிலிருந்து அங்கே திரிகிறவன், பாவம், அங்கும் இங்கும் கோலால் தட்டிப் பார்த்துவிட்டு நின்றான். "ஒரு பக்கம் பாறை முடிஞ்சு பாதாளமாக் கெடக்கு மச்சான். எந்தப் பக்கம்னுதான் பிடிபடல" என்றான்.

நான் பிள்ளையை அணைத்தபடி அங்கேயே முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, இந்த மூடுபனியை விலக்கும். ஒரு காற்றை அனுப்பி இதைத் தள்ளிவிடும்" என்று வாய்விட்டு ஜெபித்தேன். காற்று என் துறையாயிற்றே! என்ன வேண்டும், எப்படி வேண்டும் என்று அவருக்கே விளக்கிச் சொன்னேன்.

ஆமென் சொன்ன வாய் மூடவில்லை, லாரியின் ஹாரன் சத்தம் கேட்டது. எங்களுக்கு நேர் எதிரே. மறுபடியும் ஒரு தரம். பக்கத்தில் முழங்கால் போட்டிருந்த எஸ்தர் துள்ளி எழுந்தாள். "என்னங்க, ஆண்டவர் வழி காட்டிட்டாருங்க! வாங்க!" என்று சத்தம் வந்த திசையில் நடந்தாள். தாவீதும் "லாரிதான், லாரிதான்" என்று பின்னால் போனான். நானும் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே நடந்தேன். மூன்று பேரும் சேர்ந்து ஒன்றை மறந்துவிட்டோம். மூடுபனிக்குள் பள்ளத்துக்கு அக்கரையிலிருந்து வருகிற சத்தமும் பக்கத்தில்தான் கேட்கும்.

அப்போதுதான் காற்று வந்தது. நான் கேட்ட காற்று. ஆனால் மூடுபனி விலகவில்லை. அந்தக் காற்றே இன்னும் அதிகமாகக் கொண்டுவந்து எங்கள்மேல் கொட்டியது. உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கோபம் வந்தது. கேட்டது ஒன்று, கொடுப்பது ஒன்றா என்று மனதுக்குள் சண்டை பிடித்தேன். ஈரக்காற்று பிள்ளையின் முகத்தில் அடிக்காமல் போர்வையை இழுத்துவிடக் குனிந்தேன்.

குல்லாயின் ஓரத்தில் ஒரு நூல் பிரிந்திருந்தது. அது பக்கவாட்டில் பறக்கவில்லை. பின்னால் படியவும் இல்லை. வானத்தைப் பார்த்து நட்டமாக எழுந்து நின்றது.

காற்று கீழேயிருந்து மேலே வருகிறது. அப்படியென்றால் எங்களுக்கு முன்னால் சுவர் போல ஒன்று கீழ்நோக்கி இறங்குகிறது. எங்களுக்கு முன்னால் தரை இல்லை!

"எஸ்தர், நில்லு! ஒரு அடி வைக்காத!" என்று அலறினேன். என் வாழ்நாளில் அவளிடம் அப்படிக் கத்தியதில்லை. அவள் நின்றாள். தாவீது ஒரு கல்லை எடுத்து முன்னால் எறிந்தான். கல் விழுந்த சத்தத்துக்காகக் காத்திருந்தோம். வரவே இல்லை. எஸ்தர் மெல்ல உட்கார்ந்து, தவழ்ந்தபடியே பின்னால் வந்து என் காலைப் பிடித்துக்கொண்டாள்.

தாவீதுக்கு உடனே இடம் பிடிபட்டுவிட்டது. "பாறை இங்கன இருக்குன்னா பாதை நமக்குப் பின்னாலதான் கெடக்கு மச்சான். இதுக்கு முதுகக் காட்டி நேரா நடந்தா எறக்கம் வந்துரும். அது பள்ளத்தச் சுத்தி ரோட்டுல கொண்டுபோய் விட்டுரும்" என்றான். குல்லாயிலிருந்து இன்னும் கொஞ்சம் நூலைப் பிரித்து அவன் கோல் நுனியில் கட்டினேன். காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு நடந்தோம். போகப்போக நூல் தணிந்து முன்னோக்கிப் படிந்தது. விளிம்பை விட்டு விலகிவிட்டோம் என்று தெரிந்தது. மூடுபனி கடைசிவரை விலகவே இல்லை. அதற்குள்ளேயே நடந்து, அதற்குள்ளேயே இறங்கி, ஒரு லாரியின் மட்கார்டில் என் முழங்கால் இடித்தபோதுதான் ரோட்டுக்கு வந்துவிட்டோம் என்று தெரிந்தது. அந்த இடி எனக்கு எவ்வளவு இனிமையாக இருந்தது தெரியுமா!

டிரைவர் பிள்ளையைப் பார்த்தார். கோசு ஏற்ற வந்ததை விட்டுவிட்டு வண்டியைக் கோடைக்கானலுக்குத் திருப்பினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தார். தொண்டை அடைப்பான் என்றார். உடனே ஊசி போட்டார். "இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா என் கையில ஒண்ணும் இருந்திருக்காது" என்றார். உங்கள் கையிலும் இல்லை அம்மா, எல்லாம் அவர் கையில் என்று சொல்ல வாய் வரை வந்தது. ராத்திரி முழுக்கக் கண் விழித்துப் பிள்ளைக்கு வைத்தியம் பார்த்த கைகளும் அவர் அனுப்பியவைதான் என்பதால் கும்பிட்டு நன்றி சொன்னேன்.

பிள்ளை பிழைத்தாள். ஆனால் குரல் திரும்புமோ திரும்பாதோ சொல்ல முடியாது என்றார்கள். எஸ்தர் கலங்கினாள். நான் கலங்கவில்லை. இந்தத் தடவை ஜெபத்தில் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. "ஆண்டவரே, இவள் உம்முடைய பிள்ளை" என்றேன். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து என் ஜெபம் மாறிவிட்டது. முன்பெல்லாம் தேவனுக்கு வேலை கற்றுக்கொடுப்பவனைப் போலத்தான் ஜெபிப்பேன். இப்போது தேவையைச் சொல்கிறேன், செய்யும் விதத்தை அவரிடம் விட்டுவிடுகிறேன். ஆய்வுக்கூடத்துப் பேராசிரியர் நல்ல மனிதர். இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, "பாறையில் மோதினால் காற்று மேலேதானேப்பா ஏறும்?" என்று சிரிப்பார். "ஆமாங்க சார், ஏறத்தான் செய்யும். அந்த நேரத்துக்கு அதை அனுப்பினது யாருங்கறதுதான் என் சாட்சி" என்பேன். அவரும் விடமாட்டார், நானும் விடமாட்டேன். பிறகு இருவரும் டீ குடிக்கப் போவோம்.

அன்பானவர்களே, இதை வாசிக்கிற உங்களில் யாருக்காவது இன்று முன்னால் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். வீட்டில் வியாதி இருக்கலாம், கைவிட்ட மனிதர்கள் இருக்கலாம். கேளுங்கள். கேட்ட விதத்தில் வரவில்லையே என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். மூடுபனியை விலக்காமலே நடத்திக் கொண்டுபோய்ச் சேர்க்கிற தேவன் அவர். எங்களைச் சேர்த்தவர் உங்களையும் சேர்ப்பார். இதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை.

லில்லிக்கு இப்போது பன்னிரண்டு வயது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாடகர் குழுவில் நிற்கிறாள். சுருதி சேராது. கொஞ்சம் மெதுவாகப் பாடச் சொல்லுங்கள் என்று பாட்டு மாஸ்டர் என்னிடம் இரண்டு தரம் சொல்லிவிட்டார். நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.