கேரம் போர்டில் ஒரு பனிமலை

ரேணுகா அக்கா குச்சிக் கட்டு ஒன்றிலிருந்து ஒரு குச்சியை உருவி, காதுக்குப் பக்கத்தில் வைத்து ஒடிக்கிறார். 'டிக்' என்று சத்தம் வந்தால் மீதிக் குச்சிகளைத் தட்டில் போட்டுக்கொள்கிறார். சத்தம் மந்தமாக வந்தால் அந்தக் கட்டு முழுவதும் சன்னல் கட்டையில் காயப் போய்விடும். "ஈரம் கண்ணுக்குத் தெரியாது. காதுக்குத்தான் தெரியும்" என்கிறார். அதற்குள் வெளியே உப்பு லாரி ஹாரன் அடிக்கிறது. எழுந்து போய்க் கணினியைப் பார்த்து எடையைச் சொல்லி, சீட்டைக் கிழித்து நீட்டிவிட்டு வந்து அடுத்த குச்சியை ஒடிக்கிறார்.

மரக்காணத்தில் உப்பளங்களுக்கு இறங்கும் மண்சாலையின் முனையில் இருக்கிறது லாரிகளை நிறுக்கும் அந்த எடைமேடை. பதினோரு வருடமாக அக்கா அங்கேதான் வேலை பார்க்கிறார். வயது முப்பத்தெட்டு. லாரி மேடையில் ஏறுவதற்கு முன்பே டயர் அமுங்கியிருப்பதைப் பார்த்து எடையைச் சொல்லிவிடுவார். நூறு, இருநூறு கிலோ முன்னே பின்னே இருக்கும். டீக்குப் பந்தயம் கட்டித் தோற்காத டிரைவர் கிடையாது. மழை மாதங்களில் உப்புப் பாத்திகள் தண்ணீருக்கு அடியில் போய்விடும். கீற்று மூடிக் காத்த பழைய உப்பு மட்டும் எப்போதாவது லாரியில் ஏறும். இரண்டு லாரிகளுக்கு நடுவே கிடைக்கிற நேரத்தில் அக்கா ஒரு பட்டாள முகாமைக் கட்டினார்.

முகாம் என்றால் உண்மையான முகாமின் சிறிய வடிவம். பழைய கேரம் போர்டின் மேல் செய்தித்தாளையும் பசையையும் குழைத்து எழுப்பிய மலைச்சரிவு. அதில் இரண்டு மரக்குடில்கள், ஒரு சமையல் கொட்டகை, ஒரு காவல் கோபுரம். குடிலின் சுவர்கள் ஐஸ் குச்சிகள். புதிது போலத் தெரியக் கூடாது என்று டீத்தூள் தண்ணீரில் ஊறவைத்து எடுத்தவை. கோபுரத்தின் கால்கள் சவுக்குக் குச்சிகள், ஏணிப்படிகள் துடைப்பக் குச்சிகள். கத்தியைவிட நகவெட்டிதான் அவர் கை சொன்னபடி கேட்கிறது. கடையில் வாங்கியது பாக்கெட்டில் வரும் பச்சை பிளாஸ்டிக் சிப்பாய்கள் மட்டும். ஒரு சிப்பாய் அக்காவின் சுண்டுவிரல் உயரம். அதனால் அவருடைய கணக்கில் ஒரு ஆள் என்றால் ஒரு சுண்டுவிரல், கதவு என்றால் அதற்கு மேல் ஒரு நகம்.

அந்தச் சிப்பாய்கள் ஆளுக்கொரு துப்பாக்கியோடுதான் பாக்கெட்டில் வந்தார்கள். அக்கா எல்லாவற்றையும் நகவெட்டியால் வெட்டி எடுத்துவிட்டு, ஒருவனுக்கு வாளியும் ஒருவனுக்குக் கரண்டியும் இன்னொருவனுக்குக் குளிர் தாங்கக் கம்பளியும் கொடுத்துவிட்டார். அவருடைய கணவர் அய்யனார் லோடு ஆட்டோ ஓட்டுபவர், கிண்டலுக்குக் குறைவில்லாதவர். "ஏன் ரேணு, எதிரி வந்தா சாம்பார் ஊத்தி அனுப்புவாங்களா?" என்று கேட்டார்.

"துப்பாக்கிய எங்க வெக்கிறாங்கன்னு அவன் சொல்லல. சொல்லாதத நான் வெக்க மாட்டேன்" என்றார் அக்கா.

அவன் என்றது தம்பி சரத்குமாரை. அவர் ராணுவத்தில் இருக்கிறார். எந்த மலை, எந்த எல்லை என்று சொல்லக் கூடாதாம். அக்காவும் அதைக் கேட்பதில்லை. வாரத்துக்கு ஒரு தடவை சிக்னல் கிடைத்து அவர் பேசும்போது அக்கா வேறு மாதிரி கேட்பார். ஜன்னல் எந்தப் பக்கம்? புகை உள்ளே வருமா? வெயில் முதலில் கட்டில் மேல் விழுமா, அடுப்பு மேல் விழுமா? அக்காவின் பக்கத்து வீட்டில் இருக்கும் நானும் ஒருநாள் எடைமேடை அறையில் ஸ்பீக்கரில் அதைக் கேட்டேன்.

"கட்டில்லேர்ந்து அடுப்புக்கு எத்தினி எட்டுடா?"

"நாலு இருக்கும்க்கா."

"உன் எட்டா, என் எட்டா?"

"பூட்ஸ் போட்ட எட்டு. எதுக்குக்கா இதெல்லாம்?"

"சும்மாதான். நீ சாப்டியா?"

போனை வைத்ததும் லாரிச் சீட்டின் பின்பக்கத்தில் 'நாலு எட்டு, பூட்ஸ்' என்று எழுதிக்கொண்டார். இப்படிச் சேர்ந்த சீட்டுகள் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய இருக்கின்றன. துவைத்த பேண்ட் அங்கே கொடியிலேயே உறைந்து ஆள் மாதிரி விறைத்து நிற்கும் என்று சரத்குமார் ஒரு தடவை சொல்லியிருக்கிறார். முகாமின் கொடியில் இரண்டு துணிப் பேண்ட்கள் ஃபெவிகாலில் முங்கி விறைத்து நிற்பது அதனால்தான்.

இவ்வளவும் எதற்கு என்பதை அக்கா மறைப்பதில்லை. போன வருடம் லீவில் வந்த சரத்குமார் இருபத்தைந்து நாளும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். அந்த இடம் எப்படி இருக்கும் என்று அக்கா கேட்டபோதெல்லாம், சொன்னால் உனக்குப் புரியாது என்று சொல்லிவிட்டார். அக்காவால் அதைத் தாங்கிக்கொள்ள முடியவில்லை. "டயரப் பாத்து டன் சொல்றவ நானு. எனக்குப் புரியாதாமா? இந்தப் பொங்கலுக்கு வரட்டும். பாத்துட்டு அவன் வாயாலயே சொல்லணும், இதான்க்கா அந்த எடம்னு. அது போதும் எனக்கு."

மார்கழி பாதி தாண்டியதும் குடில்கள், கோபுரம் எல்லாம் முடிந்து, பனி மட்டும் பாக்கி இருந்தது. மரக்காணத்துக்காரருக்குப் பனிக்கு வேறு எதுவும் தோன்றுமா? நல்ல வெள்ளை உப்பாகப் பார்த்து எடுத்து, பொடித்து, சலித்து, பசை தடவிய மலை முழுவதும் தூவினார். கூரைகளில் கனமாக, படிகளில் லேசாக. அன்று சாயந்திரம் எடைமேடைக்கு வந்த டிரைவர்கள் எல்லாரும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

இரண்டு நாள் கடல்காற்றோடு சாரல் அடித்தது. மூன்றாம் நாள் காலையில் அறையைத் திறந்தால் பனிமலை அழுதுகொண்டிருந்தது. உப்பு ஈரத்தை இழுத்துக் கசிந்து கேரம் போர்டின் நான்கு குழிகள் வழியாகவும் சொட்டியது. ஐஸ் குச்சிகள் ஊறி, ஒரு குடிலின் சுவர் வயிறு தள்ளி நின்றது. காவல் கோபுரம் சமையல் கொட்டகையின் மேல் சாய்ந்திருந்தது. மழை நாளில் நனைந்த உப்பை ஏற்றி வருகிறவர்களை, தண்ணீருக்கும் சேர்த்து எடை போடச் சொல்கிறாயா என்று வருடக்கணக்காகத் திட்டியவர் அக்கா. அய்யனார் வந்து ஒரு பார்வை பார்த்தார். "ஊருக்கெல்லாம் உப்பு தண்ணி குடிக்கும்னு சொல்லுவியே. உனக்கு நீ சொல்லிக்கலியா?" என்றார்.

அக்கா சிரித்துவிட்டார். சிரித்து முடித்ததும் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். சரத்குமார் வர ஒன்பது நாள் இருந்தது.

உப்பைக் குடித்த மரம் காயாது. காய்ந்த மாதிரி இருக்கும், மறுநாள் காற்றில் மறுபடி ஈரமாகிவிடும். அதனால் சுவரிலும் கூரையிலும் இருந்த ஒரு குச்சியையும் மிச்சம் வைக்காமல் பிரித்துக் குப்பையில் போட்டார். மறுபடி அத்தனை ஐஸ் குச்சி சேர்க்க நேரமில்லை. அய்யனார் குயிலாப்பாளையம் போகும்போது அங்கே மரச்சாமான் செய்கிற பட்டறையில் ஒதுக்கிய மெல்லிய சீவல்களை அள்ளிக்கொண்டு வந்தார். தேக்குமரம்டி, கேட்டா குடுக்க மாட்டான், அதனால கேக்கல என்றார். "யோவ், போய்க் கேட்டுட்டு வா மொதல்ல" என்று அவரைத் திருப்பி அனுப்பிய பிறகுதான் அக்கா சீவலைத் தொட்டார். காதில் ஒடித்துப் பார்க்கிற பழக்கம் அந்த ஒன்பது நாளில் வந்ததுதான். மூன்று விரலில் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு லாரிச் சீட்டைக் கிழித்தார்.

பனிக்கு இந்தத் தடவை கோலமாவு. கல்லை அரைத்த மாவு ஈரத்தை இழுக்காது. கடைக்காரர் நிஜாமுதீன் பாய் ஐந்து கிலோவை நிறுத்துக்கொண்டே, தேர்க் கோலமா போடப் போகிறாய் என்று கேட்டார். மலை ஒன்று இருக்கிறது, அதற்கு என்றார் அக்கா. "உப்பளத்துக்காரங்க காசு குடுத்து வெள்ள மாவு வாங்கி மலைக்குப் போடுறத இன்னிக்குத்தான் பாக்குறேன்மா" என்று பாய் ஒரு கைப்பிடி கூடுதலாகவே போட்டார்.

போகிக்கு மறுநாள் நல்ல மத்தியான வெயிலில் சரத்குமார் ஈசிஆரில் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தார். முதுகில் சட்டை ஒட்டியிருந்தது. அக்கா வீட்டுக் கூடத்தில் மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. பொங்கல் கொடுக்கப் போயிருந்த நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அய்யனார் பழைய புடவையை விலக்கி, எடைமேடையிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த கேரம் போர்டைக் காட்டினார். அக்கா அங்கே நிற்க முடியாமல் அடுக்களைக்குப் போய், கழுவிய டம்ளரையே மறுபடி கழுவினார்.

சரத்குமார் பையைக் கூட இறக்கவில்லை. அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஒரு நிமிடத்துக்கு மேல் சத்தமே வராததால் அக்கா ஈரக் கையோடு வந்து நிலைப்படியில் நின்றார்.

"தப்பு இருந்தா சொல்லுடா. பிரிச்சி மறுபடி கட்டிக்கலாம்."

சரத்குமார் இன்னும் குனிந்தார். குடிலின் கதவுக்கு நேராக முகத்தைக் கொண்டுபோனார். உள்ளே கட்டிலைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். நடுவில் இருந்த நாலு எட்டுத் தரையைப் பார்த்தார். நெற்றியிலிருந்து வியர்வை இறங்கிக்கொண்டிருந்தது. அவருடைய இரண்டு கைகளும் தாமாகவே மேலே வந்து குவிந்தன. அவற்றை வாயருகே வைத்து மெதுவாக ஊதி, உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டார். மறுபடியும் ஊதினார்.

ரேணுகா அக்கா சுவரோரமாகப் போய் மின்விசிறியை நிறுத்தினார்.