தினைக்கு வேண்டிய புகை

என் நோட்டுப் புத்தகத்தில் எப்போதும் புகை வாடை அடிக்கும். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காருகிறவள் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்து போவாள், எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வரும். கொல்லிமலையில் எங்களுக்கு ஒரே அறை வீடு, அதன் மூலையில் அடுப்பு, அந்தப் புகைக்குள்தான் சமையலும் என் படிப்பும் அம்மாவின் இருமலும்.

நான் ஆறாவது படித்த வருஷம், ஐப்பசி மழைக்கு முன்னால், ஜீப்பில் வந்த சிலர் "புகையில்லா அடுப்பு" கட்டித் தருவதாகவும், விறகு பாதி மிச்சமாகும், காடும் பிழைக்கும் என்றும் சொன்னார்கள். அப்பா தயங்கினார். கட்டினால்தான் சோறு தின்பேன் என்று அடம்பிடித்தவள் நான். புகையைக் குழாய் வழியே கூரைக்கு வெளியே தள்ளும் மண் அடுப்பு வந்தது. அம்மா வாரம் நான்கு சுமை விறகு சுமந்தது இரண்டாயிற்று, இருமலும் அடங்கியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் எங்களில் ஒருவருக்காவது தலைக்கு மேலே பார்க்கத் தோன்றியதா? அடுப்புக்கு நேர் மேலே, "அட்டாலி" என்கிற மூங்கில் பரணில், அடுத்த விதைப்புக்கான தினைக்கதிர்கள் கட்டிக் கிடந்தன. மழையிலும் மூடுபனியிலும் அவற்றை ஈரம் அண்டாமல் காத்து வந்தது அந்தப் பாழாய்ப்போன புகைதான். வைகாசியில் அப்பா கட்டை அவிழ்த்தார். பூஞ்சணம் பிடித்துக் கறுத்த கதிர்கள் கையோடு உதிர்ந்தன. பக்கத்து வீடுகளில் விதை கேட்டுப் போனார். அங்கேயும் அதே அடுப்பு, அதே கதி.

என்னை நாலு அறை அறைந்திருக்கலாம். "நீ என்ன பண்ணுவ கண்ணு, நல்லதுன்னுதான சொன்ன" என்றார் அப்பா. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மலையின் இன்னொரு பக்கம், புது அடுப்பு இன்னும் எட்டாத பைல் நாட்டிலிருந்த மாமா வீட்டில் இரண்டு படி விதை வாங்கி வந்து விதைத்தோம். அதில் விளைந்த கதிரைப் பரணில் ஏற்றிய அன்றைக்கே அம்மா குழாயைப் பிடுங்கிப்போட்டுவிட்டு என்னிடம் சொன்னாள்:

"அடுப்பு நல்ல அடுப்புதான் சாமி. வெதைக்குப் புகை வேணுமே, நான் என்ன பண்ணட்டும்?"

குழாய் இல்லாமல் அடுப்பு சரியாக எரியவில்லை, விறகுச் சுமை மறுபடி நான்காயிற்று. ஒரு மாதத்தில் இருமலும் வந்துவிட்டது.

இன்று அந்த வீட்டில் கேஸ் அடுப்பு. பரணைப் பிரித்தாயிற்று, எங்கள் நிலம் முழுக்க மரவள்ளி, ஒரு பிடி தினைகூட இல்லை. இருமல் மட்டும் போகவில்லை. போன மாதம் நாமக்கல்லில் அம்மாவின் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்த டாக்டர், வீட்டில் யாராவது பீடி குடிப்பார்களா என்று கேட்டார்.

"இல்லீங்க" என்றாள் அம்மா. "தினை வெச்சிருந்தமுங்க."