மலையைத் தூக்கும் பூதத்துக்கு மூளை உண்டா?

போடியில் ஒரு ஏலக்காய்க் கிட்டங்கியில், அதாவது மூட்டை அடுக்கும் கிடங்கில், காய் பொறுக்கும் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. எழுபதுகளின் கடைசி. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பத்துப் பன்னிரண்டு பெண்கள் முறத்தோடு வரிசையாக உட்கார்ந்து, வெடித்த காயையும் பூச்சி துளைத்த காயையும் ஒதுக்குவோம்.

அங்கே ஒரு வழக்கம். நாங்கள் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பேசுகிற வாய் காயை மெல்லாது என்பது கணக்குப்பிள்ளையின் நம்பிக்கை. வாயை ஊதச் சொல்லி மோந்து பார்க்கவும் வழியில்லை. கிட்டங்கியில் எல்லோர் மூச்சிலும் ஏலக்காய்தான் மணக்கும்.

எனக்கோ பேசப் பயம். தப்பாகச் சொல்லிவிட்டால்? உதட்டை இறுக்கிக்கொண்டு நாலு நாள் ஓட்டினேன். ஐந்தாம் நாள் கணக்குப்பிள்ளை என் முறத்துக்கு முன்னால் வந்து நின்றார்.

"நாலு நாளா வாயே தொறக்கலையே ஆத்தா. உள்ள எத்தனை காய் கெடக்கு?"

"ஒண்ணுமில்லண்ணே." அதற்குள் கண் கலங்கிவிட்டது.

"சாயங்காலம் வரைக்கும் பாக்குறேன். இப்படியே உம்முன்னு இருந்தா நாளைக்கு வர வேணாம்."

திருடி என்ற பெயரோடு எங்கள் ஊர் பொட்டிபுரத்துக்குத் திரும்பி அம்மா முகத்தில் எப்படி விழிப்பது?

அன்றைக்கு வரிசையில் ஓடிய பேச்சு பூதங்களைப் பற்றியது. பக்கத்தில் இருந்த அக்கா மலைத் தோட்டத்தில் வளர்ந்தவள். பூதத்துக்கு மனுசனைவிட மூளை அதிகம் என்று அடித்துப் பேசினாள்.

"ஒரு மலையப் பேத்துக் கொண்டான்னா, கண்ணை மூடித் தொறக்குறதுக்குள்ள கொண்டாந்துருதுல்ல? உம் புருசன் ஒரு கொடம் தண்ணி கொண்டாருவானா?"

"எம் புருசனும் பூதந்தான்டி, திங்கிறதுல!" என்றாள் எதிரே இருந்தவள்.

கணக்குப்பிள்ளை தூணில் சாய்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது சொல்லியாக வேண்டும். மனதில் எந்நேரமும் ஓடுகிற கவலையைத் தவிர என்னிடம் வேறு சரக்கு இல்லை. அதையே எடுத்துவிட்டேன்.

"அந்த மலைய எங்கிட்டுக்கா எறக்கி வைக்கும்?"

முறங்கள் நின்றன.

"இல்ல, குரங்கணி மலையப் பேத்துட்டா ஊத்துத் தண்ணி என்னாகும்? மேல காய் எடுக்குற பொம்பளைக உருண்டு விழ மாட்டாகளா? போடியில கொண்டாந்து வச்சா பஸ்ஸ்டாண்டு அடியில போயிருமே! நம்மள்ல யாராச்சும்னா தூக்குறதுக்கு முன்னாடி நூறு தடவ பயந்திருப்போம்ல?"

ஒரே சிரிப்பு. "பூதத்துக்கு இவளக் கணக்குப்பிள்ளையாப் போடுங்கடி!"

நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. பூதத்துக்குப் பலம் இருக்கிறது, மந்திரம் தெரிகிறது, கவலைப்படத்தான் தெரியவில்லை. அது மூளைக் குறைவுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அக்கா விடவில்லை. "அப்ப பத்துத் தலை ராட்சசன்? பத்து மூளைல்ல?"

"வவுறு ஒண்ணுதானக்கா? எந்த வாய் மொதல்ல திங்கிறதுன்னு சண்டை போட்டு முடிக்கவே பொழுது போயிரும்."

கணக்குப்பிள்ளை துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினார். தோள் குலுங்கியது. சாயங்காலம் வாசலில் என்னை நிறுத்தினார்.

"நாளைக்கு வெரசா வந்துரு ஆத்தா. அந்த ராட்சசன் வெத்தலை போட்டா எந்த வாய் செவக்கும்னு எனக்குத் தெரியணும்."

பஸ்சில் ஊர் போய்ச் சேரும்வரை கால் தரையில் பாவவில்லை. இறங்கியதும் அடுத்த கவலை. நாளைக்கு அவர் மறக்காமல் கேட்டால்? பத்தும் சிவக்குமா, மென்ற வாய் மட்டுமா? விரலை மடக்கி ஒவ்வொரு வாயாக யோசித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.