ஸ்டேஷன் பத்தொன்பதுக்கு அப்பால்

எனக்குத் தொப்பை அந்த வயதிலேயே உண்டு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததில் பாதித் தப்பு அதனுடையது, மீதி என்னுடையது.

சங்ககிரிப் பக்கம் ஒரு சுண்ணாம்புக் கரட்டில் குவாரிக்கு மனு வந்திருந்தது. கரட்டுக்குள் குகை இருந்தது. அது எதுவரை போகிறது என்று அளந்து மேப் கொடுக்க சர்வேயரான என்னை அனுப்பினார்கள். குகை முடிகிற இடத்துக்கு அப்பால்தான் வெடி வைக்கலாம் என்பது நிபந்தனை.

டேப் பிடிக்க அடிவாரத்து விவசாயி சின்னராசு வந்தார். தன் கிணற்றுக்கு ஊற்று அந்தக் கரட்டிலிருந்துதான் வருகிறது என்று நம்பினவர்.

"நல்லா அளந்து போடுங்க சார். நம்ம பொழப்பே இதுக்குள்ளதானுங்க இருக்குது."

குகை சர்வேயில் எங்களுக்கு ஒரு வழக்கம். டேப்காரர் அளவைக் கத்துவார். நோட்டு வைத்திருப்பவர் அதைத் திருப்பிக் கத்திவிட்டுத்தான் எழுதுவார். திருப்பிச் சொல்லாத அளவு செல்லாது. சின்னராசு அரை நாளில் இதைப் பிடித்துக்கொண்டார். நான் திருப்பிச் சொல்லும்வரை டேப்பை அசைக்க மாட்டார்.

மூன்றாம் நாள், பத்தொன்பதாவது அளவுப் புள்ளியில், அதாவது ஸ்டேஷன் பத்தொன்பதில், குகை ஒரு பொந்தாகச் சுருங்கியது. என் தொப்பை நுழையவில்லை. சின்னராசு டேப் உருளையோடு தவழ்ந்து போனார். நான் நுனியைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். கொஞ்ச நேரத்தில் குரல் வந்தது.

"இருபத்திரெண்டு மீட்டர் சார்! இன்னும் போகுதுங்க! தண்ணி ஓடுதுங்க!"

சர்வேயர் கண்ணால் பார்க்காததைப் புள்ளிக்கோடாகப் போட்டு, பக்கத்தில் கேள்விக்குறி வைக்க வேண்டும். அதுதான் முறை. ஆனால் எங்கள் அதிகாரி கிளம்பும்போதே சொல்லியிருந்தார்: "யோவ், கேள்விக்குறி போட்ட மேப்பைக் கொண்டாந்துடாத. பைல் திரும்பி வந்தா நீதான் மறுபடி உள்ள போகணும்."

எனக்கு மூச்சு முட்டியது. வெளியே போனால் போதும் என்றிருந்தது. அளவைத் திருப்பிச் சொல்லவில்லை. அவர் இன்னும் இரண்டு தரம் கத்தினார்.

"போதும், வாங்க சின்னராசு" என்றேன். ஸ்டேஷன் பத்தொன்பதில் அழுத்தமாக ஒரு கோடு இழுத்துக் குகையை மூடினேன்.

குவாரி வந்தது. என் கோட்டை நம்பி, அதற்கு அப்பால் முறைப்படி வெடி வைத்தார்கள். இரண்டாம் வருஷம் கிணறு வற்றியது. மூன்று போர் போட்டும் புழுதிதான் வந்தது. சின்னராசு மாடுகளை விற்றுவிட்டு எடப்பாடிக்குத் தறி ஓட்டப் போனார்.

சர்ச்சில் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். சாமியார் மன்னிப்புக் கொடுத்தார். கிணறு என்ன சாமியாருடையதா?

ரிட்டையர் ஆனபின் எடப்பாடிக்குச் சின்னராசுவைத் தேடிப்போனேன். தறிச் சத்தத்திலிருந்து வெளியே கூட்டிவந்து டீ வாங்கிக் கொடுத்தார். மன்னிப்புக் கேட்டேன்.

"அட உடுங்க சார். நீங்க அந்தப் பொந்துக்குள்ளயே வரலீங்களே, உங்களுக்கு எப்படித் தெரியும்?" டீயை ஒரு வாய் குடித்துவிட்டுக் கேட்டார்: "அன்னிக்கு மூணு தரம் கத்துனேன். நீங்க திருப்பிச் சொல்லல. காதுக்கு எட்டலீங்களாக்கும்?"

ஆமாம் என்றிருந்தால் அவரும் நிம்மதியாகப் போயிருப்பார். என்னால் முடியவில்லை.

"எட்டுச்சு சின்னராசு. இருபத்திரெண்டு மீட்டர். தண்ணி ஓடுது."

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். அப்புறம் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. "தறி நிக்குதுங்க, வாரேன்" என்று உள்ளே போய்விட்டார்.

சர்வே வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. உள்ளே இருந்து கத்துகிறவர் சொல்லும் அளவு உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும், அங்கேயே, அப்போதே திருப்பிச் சொல்லிவிடுங்கள். நான் ஒரு டீக்கடை வாசலில் சொன்னேன்.