வெல்லம் ஒட்டிய விரல்

உடுமலைப்பேட்டை வெல்ல மண்டிக்காரர் நாச்சிமுத்துவுக்குச் சர்க்கரை இருப்பது ஊருக்கே தெரியும், அவர்தான் ஒப்புக்கொள்ளவில்லை. மண்டிக்கு வரும் மூட்டை ஒவ்வொன்றிலும் ஒரு கிள்ளு எடுத்து வாயில் போட்டுத்தான் விலை சொல்வார். வீட்டுக்கு வந்ததும் மனைவி மயிலாத்தாள் விரலில் குத்தி மீட்டரில் பார்த்தால் நானூறு காட்டும்.

“விரல்ல வெல்லம் ஒட்டியிருக்குது. மிசின் அதைத்தான் அளக்குது,” என்பார்.

அதில் கொஞ்சம் நியாயம் இருந்ததுதான் கொடுமை. கையைக் கழுவிவிட்டுக் குத்தினால் பாதி குறையும். மீதிப் பாதியைப் பற்றி வாயே திறக்கமாட்டார். லேபில் வெறும் வயிற்றில் பார்க்கச் சொன்னாலோ, இரண்டு நாள் முன்பிருந்தே மண்டிப் பக்கம் போகாமல் வெள்ளரிக்காய் தின்று கிடந்து, சுமாரான ரிசல்ட் வாங்கி ஊரெல்லாம் காட்டுவார்.

இந்த முறை டாக்டர் மூன்று மாதச் சராசரி காட்டும் டெஸ்ட் எழுதிவிட்டார். ரிசல்ட் எகிறிக் கிடந்தது.

“ஏனுங்க அம்மணி, விரல்ல வெல்லம்…” என்று லேப் பெண் ரிஃபத்திடம் ஆரம்பித்தார்.

“இது நரம்புல எடுத்த ரத்தமுங்க. மூணு மாசமா நீங்க தின்னது இதுல தெரிஞ்சுபோயிருமுங்க.”

“தின்னாத்தானுங்களே? நான் ருசிதானே பாத்தேன்!”

கூட வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த மயிலாத்தாள் எழுந்தாள். “நாளையில இருந்து ருசியை நான் பாத்துக்கறனுங்க. நீங்க மூட்டை தூக்குங்க.”